மருந்து எடுத்துக் கொடுக்க ஆறு வருடப் படிப்பு எதற்கு?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், ஃபார்ம்.டி. என்ற ஆறு வருட மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறாள். ஆறு வருடம் படித்துவிட்டு மெடிக்கலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கத்தானே போகிறாள், அதற்கு இரண்டு வருட டிப்ளமோ போதாதா? ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது மருந்தாளுநருக்கு நோயாளியிடம் என்ன வேலை?

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பி.ஃபார்ம். என்ற மருந்தியல் பட்டப்படிப்பு முடித்து ஒன்பது வருடம் மதுரையில் மருந்துக்கடை கவுண்டரில் நின்றேன். அப்புறம் பி.ஃபார்ம். முடித்தவர்களுக்கான மூன்று வருட ஃபார்ம்.டி. படித்தேன். இப்போது இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் கவுண்டரில் நடந்த ஒன்று.

செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மாதாமாதம் இன்சுலின் வாங்க வருவார். மூன்று மாதமாகச் சுகர் இறங்கவே இல்லை. டாக்டர் முதலில் எழுதியது 20 யூனிட். அது 24 ஆகி, 30 ஆகியிருந்தது. சீட்டை நீட்டிக்கொண்டே, “எம்புட்டுப் போட்டாலும் கேக்க மாட்டேங்குது தாயி, ஒடம்பு மருந்துக்கு மரத்துப்போச்சு போல” என்றார். நான் பாட்டிலை எடுத்து வைத்து பில் போட்டிருக்கலாம். ஏனோ, “வீட்டுல போடுற ஊசி கையில இருக்காம்மா?” என்று கேட்டேன். மஞ்சப்பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய சிரிஞ்சை எடுத்து வைத்தார். மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடிதான் ஆரஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி வரும். அதை 40 யூனிட் பாட்டிலிலிருந்து இழுத்தால் உள்ளே இருப்பது 8 யூனிட்தான். 30 கோடு வரை இழுத்தாலும் 12 யூனிட். மருமகன் எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி வந்த சிரிஞ்சாம். மூன்று மாதமாக அந்த அம்மாவின் உடம்புக்குள் போனது எழுதியதில் பாதிகூட இல்லை.

சரி, சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்ததா? அப்படிச் செய்திருந்தால் அன்று ராத்திரியே ஆபத்து. 12 யூனிட்டுக்குப் பழகிய உடம்புக்குள் திடீரென்று 30 இறங்கும். சுகர் தரைக்குப் போய், தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். அதனால் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “14-ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, மூணு நாள் காலைல சுகர் பாத்துட்டு என்கிட்ட வரட்டும்” என்றார். அந்த அம்மாவின் கையிலேயே புதுச் சிரிஞ்சைக் கொடுத்து, கோட்டைக் காட்டி, எனக்கு முன்னால் இரண்டு தரம் இழுத்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவது தரம் சரியாக வந்தது.

இதில் டாக்டர் எழுதியது சரியான மருந்து. கடை கொடுத்ததும் அதே மருந்து. அந்த அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனாலும் வைத்தியம் பலிக்கவில்லை. தப்பு நடந்த இடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவில் மருந்தைப் பற்றிப் படித்தவர் என்று நிற்பது மருந்தாளுநர் ஒருவர்தான். உங்கள் மகள் கேட்கும் படிப்பு அந்த இடத்துக்கான படிப்பு.

இந்த இடம் எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நாளில் கம்பவுண்டர் என்ற ஒருவர் இருந்தார். தண்ணி மருந்தைக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று ஓரம் வெட்டிய காகிதத்தை அதன் மேல் ஒட்டிக் கொடுப்பார். உங்கள் அப்பாவைக் கேட்டால் ஞாபகம் இருக்கும். மாத்திரைகள் எல்லாம் ஃபாக்டரியில் அட்டை போட்டு வர ஆரம்பித்ததும் கலக்கும் வேலை போய்விட்டது. எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கும் வேலை மட்டும் மிஞ்சியது. 1990-ல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், மருந்தால் நோயாளிக்கு என்ன பலன் கிடைத்தது என்பதற்கும் மருந்தாளுநர் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதினார்கள். 1996-ல் அங்கே ஆஷ்வில் என்ற ஊரில், சர்க்கரை நோய் உள்ள நகராட்சி ஊழியர்களை மருந்தாளுநர்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசிக் கண்காணிக்கும் திட்டம் தொடங்கியது. பலன் தெரிந்ததும் மற்ற ஊர்களும் அதைக் கைக்கொண்டன. இங்கிலாந்தில் 2006 முதல் தகுதி பெற்ற மருந்தாளுநர் தானே மருந்து எழுதலாம். 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பு என்று ஏழு தொந்தரவுகளுக்கு டாக்டரைப் பார்க்காமல் மருந்துக்கடையிலேயே சிகிச்சை பெறலாம்.

இந்தியாவில் அந்த உரிமை கிடையாது. ஃபார்ம்.டி. படித்தாலும் மருந்து எழுத முடியாது. சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறு கம்பெனி மருந்தைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மற்றபடி சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1948-ல் ஃபார்மசி சட்டம் வந்தது. 2008-ல் ஃபார்ம்.டி. தொடங்கியது. 2015-ல் ஃபார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா கொண்டுவந்த தொழில்நடைமுறை விதிகள், நோயாளிக்கு எடுத்துச் சொல்வதை மருந்தாளுநரின் கடமை என்றே எழுதிவைத்தன. மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எங்கே வைப்பது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, எல்லாம் அதில் வருகிறது.

நடப்பில் எப்படி என்று கேட்டால் மனசு வலிக்கத்தான் செய்கிறது. சான்றிதழ் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் வேறு ஊரில் இருப்பார். கவுண்டரில் பத்தாவது படித்த பையன் நிற்பான். “காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று கேட்டால் மூன்று வேளைக்குக் கத்தரித்துக் கட்டிக் கொடுத்துவிடுவான். அதில் ஆன்டிபயாட்டிக் இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம். வாங்குகிறவருக்குத் தெரியாது, கொடுக்கிறவனுக்கும் தெரியாது. வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கப்படுத்தும் மருந்துகள் என்று 46 மருந்துகளைத் தனியாகப் பிரித்து ஹெச் 1 என்ற அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை ஒழுங்காக எழுதும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. பக்கத்துக் கடை கேள்வி கேட்காமல் கொடுக்கும்போது இவர்கள் “சீட்டு இல்லாம தரமாட்டேன்” என்று சொல்லி வியாபாரத்தை விடுகிறார்கள்.

கவுண்டரில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பது உயிரைக் காப்பாற்றும் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் ஒரு பெண் வந்து, “மாமியாருக்கு வாயெல்லாம் புண்ணு, பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை குடுங்கக்கா” என்றாள். எல்லாக் கடையிலும் தினமும் நடக்கிற வியாபாரம் இது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மூட்டு வாதத்துக்கு மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை, தினம் ஒன்று, பத்து நாளாக என்றாள். செல்போனில் அட்டையின் போட்டோ இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் போனால் எலும்பு மஜ்ஜையையே அடித்துப்போடும். ரத்த அணுக்கள் விழுந்துவிடும். அதற்கு முதல் அடையாளமே இந்த வாய்ப்புண்தான். பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கவில்லை. மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, ஒரு தாளில் மருந்தின் பெயரையும் எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் எழுதிக் கொடுத்து, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையில் இருந்து பிழைத்தார். சீட்டில் வாரம் ஒரு முறை என்றுதான் எழுதியிருந்தது. கொடுத்த இடத்தில் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு கைக்கு வந்தால் இன்றைக்கும் நான் கிழமையைக் கேட்டு, “செவ்வாய்க்கிழமை மட்டும்” என்று பேனாவால் அட்டைமேல் எழுதாமல் கொடுப்பதில்லை.

இனி ஆஸ்பத்திரிக்குள் வருவோம். டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது நீ எதற்கு என்று நீங்கள் மட்டும் கேட்கவில்லை. நான் வார்டுக்குப் போன முதல் வருடம் ஒரு சீனியர் டாக்டரும் கேட்டார். “ஸ்டோர்ல மருந்து இருக்கான்னு பாருங்க, அது போதும்” என்று ரவுண்ட்ஸ் நடுவில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அழுதேன். மறுநாளும் ரவுண்ட்ஸுக்குப் போனேன்.

காலையில் நான் முதலில் பார்ப்பது, முந்தைய நாள் அட்மிட் ஆனவர் வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை. சொல்லக் கேட்டால் பாதிதான் வரும், பையைக் கொட்டச் சொன்னால்தான் முழுசும் வரும். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சுகர் மாத்திரை ஒன்று, ஊரில் தனியார் டாக்டர் எழுதியது ஒன்று, பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே என்று இரண்டையும் விழுங்கி விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி மயங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். அது தர்மத்துக்குக் கொடுத்த மாத்திரை, இதுதான் காசு கொடுத்து வாங்கிய மாத்திரை, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நாட்டுமருந்து, சூரணம், வலிக்கு அவ்வப்போது போடும் மாத்திரை, எல்லாம் பட்டியலில் ஏறவேண்டும். சில வகைப் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளின் உடம்பில் சேர்ந்தால் கிட்னி திணறும். மூன்றையும் தனித்தனி டாக்டர்கள் எழுதியிருப்பார்கள். அவரவர் எழுதியது அவரவர் அளவில் சரிதான். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அப்புறம் ஐசியூ. மூக்கு வழியாக டியூப் போட்டவருக்கு மாத்திரையைப் பொடித்துக் கரைத்து விடுவார்கள். மெதுவாகக் கரையவேண்டிய மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் போகவேண்டிய மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டாயினைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் படிந்துவிடும், நார்மல் சலைனில்தான் கலக்கவேண்டும். செஃப்ட்ரியாக்ஸோன் போகும் லைனில் கால்சியம் உள்ள திரவம் கலக்கக் கூடாது. ஒரு நர்ஸ் ஒரே ஷிப்டில் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள், இதையெல்லாம் அவரே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் வார்டில் எந்த ஊசி எதில் கலக்கலாம் என்ற பட்டியலைப் பெரிய எழுத்தில் தமிழிலும் எழுதி மருந்து டிராலியில் ஒட்டினோம். அதைக் கேட்டு வாங்கியது நர்ஸுகள்தான்.

அந்த சீனியர் டாக்டர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய நோயாளி ஒருவர் வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து அது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்த்ததும் வார்ஃபரின் வேலை செய்வது குறைந்துகொண்டே போனது. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு வார்ஃபரினைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும் என்று கேஸ் ஷீட்டில் குறிப்பு எழுதிவைத்தேன். அதற்காகக் கூட்டும் வார்ஃபரின் அளவை, காசநோய் மருந்து முடியும்போது படிப்படியாகத் திரும்பக் குறைக்காவிட்டால் ரத்தக் கசிவு வரும் என்றும் சேர்த்து எழுதினேன். அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, “ஆறு மாசம் கழிச்சு இதை ஞாபகப்படுத்துவீங்களா?” என்று கேட்டார். காலண்டரில் குறித்துவைத்து ஞாபகப்படுத்தினேன். இன்று அவர் ரவுண்ட்ஸ் போகுமுன் நான் வந்துவிட்டேனா என்று பார்க்கிறார்.

மதுரைக்காரர்களுக்குக் கிட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே நோயாளிக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கிச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அதற்குத் தனி நாற்காலி போட்டுவைத்த ஊர் நம் ஊர். கண் சொட்டு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் நீர் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) இரண்டு வகைச் சொட்டு மருந்து எழுதினால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் மற்ற மருந்துகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கிராமங்களில் தேவை இன்னும் அதிகம். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். பி.ஃபார்ம்., டி.ஃபார்ம். (அந்த இரண்டு வருட டிப்ளமோ) முடித்தவர்களும் அவற்றை நடத்துகிறார்கள். மருந்து கைக்கு எட்டிவிட்டது. கார்த்திகையில் மாலை போட்டு ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், ராத்திரி சுகர் மாத்திரையைப் போடலாமா என்று கேட்க ஆள் வேண்டுமே. ரம்ஜான் நோன்பிலும் இதே கேள்வி வரும். தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கிவிட்டு, அளவு ஏறிக்கொண்டே போகிறதே என்று கவலைப்படும் பெண்கள் எத்தனை பேர்! இரும்புச்சத்து மாத்திரையையும் அதையும் நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடவேண்டும் என்று யாராவது சொன்னார்களா? பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் விஷயங்கள் தனி. கவுண்டரில் ஒரு பெண் நின்றால்தான் அவை வாய்க்கு வரும். உங்கள் மகளைப் போன்றவர்கள் ஊர்ப்பக்கம் கடை போட்டு உட்கார்ந்தால் அதையும் நான் சின்ன வேலை என்று நினைக்க மாட்டேன்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். கடை வைத்து உரிமத்தோடு நடத்துவதுதான் லட்சியம் என்றால் டி.ஃபார்ம். போதும், இரண்டு வருடமும் அதன்பின் பயிற்சியும். பி.ஃபார்ம். நான்கு வருடம். மருந்துக் கம்பெனி, ஆய்வகம், தரக்கட்டுப்பாடு என்று வழிகள் அதிகம். மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே பி.ஃபார்ம். இருக்கிறது, அரசுக் கட்டணத்தில் கிடைத்தால் விடாதீர்கள். நோயாளியின் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்வேன் என்று அவள் சொன்னால் ஃபார்ம்.டி. சரியான படிப்பு. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். ஆனால் ஆரம்பச் சம்பளம் உங்கள் ஆறு வருடச் செலவுக்கு ஈடாக இருக்காது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தப் பதவியும் இல்லை. நிலத்தை அடகு வைத்துச் சேர்க்காதீர்கள். சேர்ந்து இரண்டு வருடம் கழித்து மனசு மாறும் என்று தோன்றினால், என்னைப் போல முதலில் பி.ஃபார்ம். முடித்துவிட்டு அந்த மூன்று வருடப் படிப்பில் நுழையலாம். நேரம் கூடும், ஆனால் நடுவில் ஒரு பட்டம் கையில் இருக்கும்.

காலேஜ் பார்க்கப் போகும்போது கட்டிடத்தையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். ஃபார்ம்.டி. நடத்த 300 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரித் தொடர்பு வேண்டும் என்பது விதி. எந்த ஆஸ்பத்திரி என்று பெயரைக் கேளுங்கள். ஆறாவது வருடம் முழுக்க அங்கேதான் பயிற்சி, அதில் ஆறு மாதம் பொது மருத்துவத்தில். முடிந்தால் ஒரு காலைவேளை அந்த ஆஸ்பத்திரிக்கே போய், வார்டில் நிற்கும் ஃபார்ம்.டி. பிள்ளைகளில் ஒருவரைப் பிடித்து, ரவுண்ட்ஸில் டாக்டர் உன்னிடம் கடைசியாக என்ன கேட்டார் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.